கங்காணியைத் தேடும் குடிமக்கள்

நம் இலக்கியச் சந்திப்புகளில் அரசு அலுவலகம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் "அப்படியே காஃப்கா" என்று சொல்லிவிடுவார். எல்லோரும் தலையாட்டுவோம். பதிவிலாகாவுக்கு ஏறி இறங்கிய ஒரு தாயின் கதை, பத்து வருடமாகப் பதில் வராத ஒரு குடியுரிமை விண்ணப்பம், கையெழுத்துப் போடாமல் கோப்பை நகர்த்திக்கொண்டே போகும் அதிகாரி, எல்லாமே அந்த ஒரு பெயருக்குள் போய் அடங்கிவிடும். விஷயத்தைப் புரிந்துகொண்ட திருப்தியோடு தேநீர் குடிக்கப் போவோம்.

இந்தத் தலையாட்டல் மீது எனக்குக் கோபம் உண்டு. காஃப்காவின் பெயரைச் சொன்னதும் நிர்வாகம் என்பது மழை மாதிரி, விதி மாதிரி ஆகிவிடுகிறது. யாரும் கட்டாத ஒன்றை யாராலும் இடித்துக் கட்ட முடியாது, இல்லையா? மலேசியாவின் கூட்டரசு நிர்வாகம் அப்படிப்பட்ட பொருள் கிடையாது. அதை மனிதர்கள் கட்டினார்கள். பிரிவு எண் போட்டுக் கட்டினார்கள். எந்தக் கதவுக்குப் பூட்டு, சாவி யாரிடம், யார் கேட்டால் திறக்க வேண்டியதில்லை என்பதெல்லாம் அரசியலமைப்பில் அச்சிடப்பட்டிருக்கிறது. நாம் நாவல் படிக்கிறோம், அதைப் படிப்பதில்லை.

காஃப்காவை இழுத்ததால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதர் 1908 முதல் 1922 வரை பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரியாக இருந்தவர். மரம் இழைக்கும் இயந்திரங்களில் சதுர அச்சைப் பொருத்தினால் தொழிலாளியின் விரல்கள் எப்படித் துண்டாகின்றன, அதற்குப் பதில் உருளை அச்சைப் பொருத்தினால் காயம் எவ்வளவு குறையும் என்று படத்தோடு அறிக்கை எழுதியவர். இயந்திரத்தைத் திருத்த முடியும் என்று நம்பிய ஒரு அலுவலர் அவர். நாமோ அவருடைய நாவலை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது என்று முடிவு கட்டிவிட்டோம்.

நான் பொறியாளன். இயந்திரம் விரலை வெட்டினால் "வாழ்க்கையே இப்படித்தான்" என்று சொல்ல எனக்கு அனுமதி இல்லை. எந்தப் பாகம், எந்த வடிவமைப்பு, யார் கையெழுத்து என்று கேட்டாக வேண்டும். அந்தக் கேள்வியைத்தான் இங்கே கேட்கப் போகிறேன். நம் அரசு நிர்வாகத்துக்கு இரண்டு பாகங்கள் இல்லை. அதிகாரி மேலிடத்துக்கு அஞ்சாமல் வேலை செய்வதற்கான பாதுகாப்பு ஒன்று. அந்த அதிகாரியையே கேள்வி கேட்கக்கூடிய வெளிக்கண் இன்னொன்று. இந்த இரண்டும் வேண்டும் என்று நம் சமூகம் கேட்டதே இல்லை. நாம் கேட்டதெல்லாம் ஒரு கங்காணியை.

வார்த்தையைத் தெரிந்துதான் சொல்கிறேன். நம் தோட்ட நாவல்கள் துரையை, கிராணியை, கங்காணியை நன்றாகவே எழுதியிருக்கின்றன. துரையிடம் நேராகப் போக முடியாது. கிராணியின் பேரேட்டில் பெயர் ஏற வேண்டும். அதற்குக் கங்காணி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கங்காணி தன் ஆட்களுக்காகப் பேசுவார், உண்மைதான். ஆனால் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் அவரை நம்பியிருக்கும் வரைதான் அந்தக் காசு. ஆட்கள் நேராகத் துரையிடம் பேசும் நிலை வந்தால் கங்காணிக்கு வேலை இல்லை.

கங்காணி வழியாக ஆள் எடுக்கும் முறை 1938-இல் முடிந்துபோனது. நம் மனத்தில் முடியவில்லை. இன்றைக்கும் ஒரு விண்ணப்பம் தேங்கிவிட்டால் நமக்கு முதலில் தோன்றும் யோசனை என்ன? "யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா உள்ள?" "ஒய்பிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டுப் போங்க." "கேபள் இருந்தா ரெண்டு வாரத்துல முடிஞ்சிரும்." விண்ணப்பத்தின் தேதி என்ன, எத்தனை நாளில் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் யாரிடம் முறையிடுவது என்று கேட்பவர் அபூர்வம். கேட்டாலும் முகப்பிடத்தில் இருப்பவருக்கே பதில் தெரியாது. கேபள் வேலை செய்தால் நன்றி சொல்லி மாலை போடுகிறோம். அந்த மாலையின் படம் மறுநாள் முகநூலில் வரும். நம் காலத்துத் தலைக்காசு அதுதான்.

இதற்கு மிகக் கொடுமையான உதாரணம் குடியுரிமை. தோட்டத்தில் பிறந்து பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள், பத்திரம் இருந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு கிழவர்களாகிப் போனவர்கள், எந்த அட்டையுமே இல்லாத அவர்களின் பிள்ளைகள் பற்றி நாம் பல வருடங்களாகப் பேசுகிறோம். எத்தனை ஆயிரம் பேர் என்று கட்சிகள் எண்ணிக்கைச் சண்டை போட்டன. 2011-இல் மைடஃப்தார் என்ற இயக்கம் நடந்தது. கூடாரம் போட்டார்கள், வரிசையில் நின்றோம், சிலருக்கு வேலை நடந்தது. நடந்தவர்களுக்காக நானும் மகிழ்கிறேன். ஆனால் இயக்கம் என்பது ஒரு சலுகை நாள். கூடாரத்தைப் பிரித்த மறுநாள் முகப்பிடம் பழைய முகப்பிடம்தான்.

அந்த முகப்பிடத்துக்குப் பின்னால் இருக்கும் சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கோயிலில் தாலி கட்டி, ஊருக்கே சோறு போட்டு நடந்த திருமணம், பதிவு செய்யப்படாவிட்டால் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது. அந்தத் தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளை, குடியுரிமை விஷயத்தில், அப்பாவை விட்டு அம்மாவின் நிலையைப் பின்பற்றுகிறது. அம்மா வெளிநாட்டவராகவோ ஆவணம் இல்லாதவராகவோ இருந்தால் மலேசியத் தகப்பனின் பிள்ளை மலேசியர் ஆகாது. அப்போது மிஞ்சும் வழி அரசியலமைப்பின் 15ஏ பிரிவு. தனக்குத் தகுந்ததாகத் தோன்றும் சிறப்புச் சூழல்களில் ஒரு பிள்ளையைக் குடிமகனாகப் பதியக் கூட்டரசு அரசாங்கத்துக்கு அது அதிகாரம் தருகிறது. சிறப்புச் சூழல் என்றால் என்ன என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. சரி, மறுத்துவிட்டால்? அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையில் ஒரு வாசகம் இருக்கிறது. குடியுரிமை பற்றிய பாகத்தின் கீழ் கூட்டரசு அரசாங்கம் எடுக்கும் முடிவு எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீட்டுக்கோ மறுஆய்வுக்கோ உட்படாது என்கிறது அது.

இதைத் திரும்ப ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அளவுகோல் எழுதப்படாத ஓர் அதிகாரம். அதன் முடிவைக் கேள்வி கேட்க முடியாது என்று ஒரு வாசகம். மறுப்புக் கடிதத்தில் பெரும்பாலும் "நிராகரிக்கப்பட்டது" என்ற சொல் இருக்கும், காரணம் இருக்காது. காரணம் தெரியாதவன் அடுத்த விண்ணப்பத்தில் எதைத் திருத்துவான்? அதையே மறுபடி எழுதிப் போடுவான். மறுபடி நிராகரிக்கப்படுவான். பிறகு ஒய்பியிடம் போவான். காரணம் எழுதப்படாத கடிதம்தான் கங்காணிக்குச் சோறு போடுகிறது. காரணம் எழுதியிருந்தால் அவன் தானே போய்க் குறையைச் சரிசெய்துகொள்வானே!

இதுவரை அதிகாரிகளைப் பற்றித்தான் பேசினேன். இனி அவர்கள் பக்கம் நின்று பார்க்க வேண்டும். அங்கே பார்க்காமல் திட்டுவது சுலபம், பிரயோசனம் இல்லை.

என்னோடு உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களில் பலர் எஸ்பிஏ விண்ணப்பம் போட்டார்கள். கிடைத்தவர்களில் ஒருவன் இன்று ஓர் இலாகாவில் பொறியாளர். ஒருநாள் சொன்னான்: "மேலிடத்துல இருந்து போன் வரும்டா. 'அந்தக் குத்தகையாளர் பைலைக் கொஞ்சம் பாத்து முடிச்சிருங்க'ன்னு. வாட்ஸ்அப்புல கேட்டா அனுப்பமாட்டாங்க. எழுதித் தாங்கன்னு கேட்டா அடுத்த மாசம் எனக்கு வேற ஊரு." அவன் கோழை கிடையாது. வீட்டுக் கடன் இருக்கிறது, கைக்குழந்தை இருக்கிறது. வாய்மொழி உத்தரவுக்கும் இடமாற்றக் கடிதத்துக்கும் நடுவே அவன் நிற்கிறான். அவனுக்குப் பின்னால் நிற்க யாரும் இல்லை.

அரசியலமைப்பு அவனுக்குக் கொஞ்சம் பாதுகாப்புத் தருகிறது. 135-ஆம் பிரிவின்படி தன் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்புத் தராமல் ஓர் அரசு ஊழியரைப் பதவியிலிருந்து நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. ஆனால் நியமனம், பதவி உயர்வு, இடமாற்றம் ஆகியவற்றைப் பார்க்கும் ஏற்பாட்டில், அவனை நீக்க வேண்டிய அவசியமே வராது. நகர்த்தினால் போதும். நேர்மையான அதிகாரியை யாரும் வேலையைவிட்டுத் தூக்குவதில்லை. ஒன்றும் செய்ய முடியாத நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள்.

சின்ன இலாகாவில் நடப்பது உச்சியில் எப்படி நடக்கும் என்பதற்கு நம் கண் முன்னால் ஒரு வருடம் இருக்கிறது. 2015 ஜூலை 28. 1எம்டிபி விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. அன்று சட்டத்துறைத் தலைவர் அப்துல் கனி பட்டாயிலின் சேவை முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டது. உடல்நலம் காரணம் என்றார்கள். அன்றே துணைப் பிரதமர் முஹிடின் யாசின் அமைச்சரவையிலிருந்து விலக்கப்பட்டார். அன்றே நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவரும் வேறு சில உறுப்பினர்களும் அரசாங்கப் பொறுப்புகளுக்கு உயர்த்தப்பட்டார்கள். குழுவின் விசாரணை நின்றுபோனது. அடுத்த மாதம் ஊழல் தடுப்பு ஆணையத்தின் இரண்டு மூத்த அதிகாரிகளுக்குப் பிரதமர் துறைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஊரே கூச்சல் போட்ட பிறகு அது இரத்தானது.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியது ஒன்று. சட்டத்துறைத் தலைவர் மாமன்னரின் விருப்பம் உள்ளவரை பதவி வகிப்பவர் என்று 145-ஆம் பிரிவு சொல்கிறது. மாமன்னர் பிரதமரின் ஆலோசனைப்படி செயல்படுகிறார். அதாவது பிரதமர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கைத் தொடுக்க வேண்டியவரின் நாற்காலி பிரதமரின் கைக்கெட்டும் தூரத்தில் போடப்பட்டிருக்கிறது. நல்லவரை உட்கார வைத்தாலும் கெட்டவரை உட்கார வைத்தாலும் நாற்காலி இருக்கும் இடம் அதுதான்.

"சரி, அப்படின்னா நீக்க முடியாத பதவியா கொடுத்துட்டா போதுமா?" என்று கேட்கலாம். போதாது. தலைமைக் கணக்காய்வாளரைப் பாருங்கள். 105-ஆம் பிரிவு அவருக்குக் கூட்டரசு நீதிமன்ற நீதிபதிக்கு நிகரான பாதுகாப்பைத் தருகிறது. சுலபத்தில் நீக்க முடியாது. அப்படிப்பட்டவரின் துறை தயாரித்த 1எம்டிபி அறிக்கைதான் 2016 பிப்ரவரி 24 அன்று அரசாங்கத் தலைமைச் செயலாளர் தலைமையில் நடந்த ஒரு கூட்டத்துக்குப் பிறகு மாற்றப்பட்டது. இயக்குநர் கூட்டமொன்றில் ஜோ லோ இருந்தார் என்ற பத்தி போனது. 2014-ஆம் ஆண்டுக் கணக்கறிக்கையில் இரண்டு வடிவங்கள் இருந்த விவரம் போனது. மாற்றிய அறிக்கைகூட அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின் கீழ் பூட்டி வைக்கப்பட்டது. 2018-இல் ஆட்சி மாறிய பிறகுதான் பூட்டுத் திறந்தது. அந்த ஆண்டு நவம்பரில் புதிய தலைமைக் கணக்காய்வாளர், அறிக்கை மாற்றப்பட்ட கதையை வெளியே சொன்னார்.

எப்படித் தெரிந்தது? அழிக்கப்பட வேண்டிய பழைய அறிக்கையின் ஒரு படியைக் கணக்காய்வுத் துறையின் ஒரு பெண் அதிகாரி அழிக்காமல் வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் நடந்ததைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியை ஒரு பென்சில் பெட்டிக்குள் ஒளித்து வைத்தார். நீதிமன்றத்தில் அவரே இதைச் சொன்னார். அறிக்கையைத் திருத்தச் சொன்ன குற்றச்சாட்டிலிருந்து முன்னாள் பிரதமர் நஜிப்பையும் 1எம்டிபியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரியையும் உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் விடுவித்தது. அந்தத் தீர்ப்போடு எனக்கு இங்கே வாதம் இல்லை. என் வாதம் பென்சில் பெட்டியோடுதான். ஒரு நாட்டின் தணிக்கை அறிக்கை தப்பிப் பிழைக்க ஓர் அதிகாரியின் பென்சில் பெட்டி தேவைப்பட்டிருக்கிறது. அவரை வீரர் என்று கொண்டாடுவது சரி. ஆனால் வீரம் தேவைப்படுகிற அலுவலகம் பழுதான அலுவலகம். அன்று அவருக்குக் காய்ச்சல் வந்து வேலைக்கு வராமல் இருந்திருந்தால்?

என் தொழிலில் வரைபடம் ஒன்றைத் திருத்தினால் திருத்திய இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி ஒரு கோடு வரைவோம். பக்கத்தில் திருத்த எண், தேதி, திருத்தியவரின் கையெழுத்து, சரிபார்த்தவரின் கையெழுத்து. வரைந்தவனே சரிபார்த்தவனாக இருக்கக் கூடாது. பழைய வடிவம் ஆவணக் காப்பில் இருக்கும். இது ஒரு குழாய்த் தாங்கிக்கும் உண்டு, ஒரு படிக்கட்டுக் கைப்பிடிக்கும் உண்டு. தொழிற்சாலைக் கொதிகலன் என்றால் நாங்கள் மட்டும் பார்த்துப் போதாது, வெளியிலிருந்து வந்து ஆய்வு செய்து சான்றிதழ் தர வேண்டும். நாங்கள் திருடர்கள் என்பதால் இந்த ஏற்பாடு வரவில்லை. மனிதன் களைப்படைவான், பயப்படுவான், முதலாளி அவசரப்படுத்தினால் கண்ணை மூடிக்கொள்வான் என்று தெரிந்ததால் வந்தது. படிக்கட்டுக் கைப்பிடிக்கு இருக்கும் இந்தக் குறைந்தபட்ச மரியாதை கோடிக்கணக்கான ரிங்கிட் பற்றிய தணிக்கை அறிக்கைக்கு இருந்திருந்தால், எந்தப் பத்தி யார் சொல்லி எப்போது போனது என்பதற்கு ஒலிப்பதிவுக் கருவி வேண்டியிருக்காது.

இந்த இடத்தில் நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. "இதெல்லாம் பெரிய பேச்சு. அரசு வேலையில நம்மாளுங்க கம்மி. அதைச் சரி பண்ணா எல்லாம் சரியாயிரும்." நம்மவர் குறைவு என்பது உண்மையான குறை. அதைப் பேசத்தான் வேண்டும். வரிசையில் நிற்கும் பாட்டிக்குத் தமிழில் பதில் சொல்ல ஒருவர் இருப்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் என் நண்பனை நினைத்துப் பாருங்கள். அவன் நம்மாள்தான். உள்ளேதான் இருக்கிறான். அவனுக்கு வரும் தொலைபேசி அழைப்பு அவன் என்ன சாதி, என்ன மொழி என்று பார்த்து வருவதில்லை. நூறு பேரை உள்ளே அனுப்பினாலும் அந்த நூறு பேரும் வாய்மொழி உத்தரவுக்கும் இடமாற்றத்துக்கும் நடுவேதான் நிற்கப் போகிறார்கள். "நம்மாள்" என்று நாம் எதிர்பார்ப்பது உண்மையில் நமக்காக விதியை வளைக்கிற ஆளை. அப்படி வளைப்பவர் இன்னொருவருக்காகவும் வளைப்பார்.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது. அதிகாரிகளுக்குச் சுதந்திரம் கொடுத்தால் அவர்கள் தனி ராஜ்யம் நடத்த மாட்டார்களா? 2018-க்குப் பிறகு புதிய அமைச்சர்கள் அரசு ஊழியர்கள் ஒத்துழைக்கவில்லை என்று புலம்பியது நினைவிருக்கும். மக்கள் தேர்ந்தெடுத்தவர் சொல்லுக்கு அதிகாரி கீழ்ப்படிய வேண்டியதுதானே? கீழ்ப்படியட்டும். எழுத்தில் வந்த, சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவுக்குக் கீழ்ப்படியட்டும். கொள்கையை முடிவு செய்வது அமைச்சர் வேலை. குறிப்பிட்ட ஒருவரின் கோப்பை எடுத்து வைக்கவோ அமுக்கவோ சொல்வது அமைச்சர் வேலை இல்லை. அதிகாரி தனி ராஜ்யம் ஆகாமல் தடுக்கத்தான் இரண்டாவது பாகமான மேற்பார்வை. பாதுகாப்பு மட்டும் கொடுத்து மேற்பார்வையை விட்டால் அலுவலகம் கோட்டையாகிவிடும். மேற்பார்வையை அமைச்சரிடம் மட்டும் கொடுத்தால் அது மேற்பார்வையே இல்லை, கயிறு.

நம்மிடம் இப்போது இருக்கும் மேற்பார்வை எப்படிப்பட்டது? 1971-இல் பொதுப் புகார் பிரிவு தொடங்கப்பட்டது. பிரதமர் துறையின் கீழ் ஓர் இலாகாவாக. அரசு இலாகாவைப் பற்றிய புகாரை இன்னோர் அரசு இலாகா விசாரித்து அரசிடமே சொல்லும். அதை ஒம்புட்ஸ்மனாக மாற்றப் போவதாக ஒன்றுக்கு மேற்பட்ட அரசாங்கங்கள் சொல்லிவிட்டன. போலீஸ் விஷயம் இன்னும் கசப்பு. சுயேச்சையான ஐபிசிஎம்சி ஆணையம் வேண்டும் என்று அரச விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது 2005-இல். 2009-இல் குகன் போலீஸ் காவலில் இறந்தபோது நாம் தெருவில் இறங்கினோம். கடைசியில் 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது ஐபிசிசி என்ற இன்னொன்று. பெயரில் ஓர் எழுத்துதான் போனது என்று நினைக்காதீர்கள். அது விசாரித்துப் பரிந்துரைக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் போலீஸ் படை ஆணையத்திடமே இருக்கிறது. அந்த ஆணையத்தின் தலைவர் போலீஸுக்குப் பொறுப்பான அமைச்சர். பதினெட்டு வருடக் காத்திருப்புக்குக் கிடைத்தது ஒரு பரிந்துரைக் கடிதம்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2024-இல் கணக்காய்வுச் சட்டம் திருத்தப்பட்டு, பொதுப்பணம் போய்ச் சேரும் நிறுவனங்களையும் பின்தொடர்ந்து தணிக்கை செய்யத் தலைமைக் கணக்காய்வாளருக்கு வழி கிடைத்தது. நம் பத்திரிகைகளிலும் மேடைகளிலும் அதைப் பற்றி எவ்வளவு பேசினோம்? அதே காலத்தில் மித்ராவைப் பற்றி எவ்வளவு பேசினோம்? ஆண்டுக்கு 10 கோடி ரிங்கிட் ஒதுக்கப்படும் மித்ரா, பிரதமர் துறைக்கும் ஒற்றுமைத் துறை அமைச்சுக்கும் இடையே மாறி மாறிப் பயணம் செய்தது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நம் சண்டை ஒன்றுதான். அது யார் கையில் இருக்க வேண்டும்? எந்தக் கட்சி, எந்தத் தலைவர்? பணத்தை ஏமாற்றியதாகக் கைதுகள் நடந்தபோதுகூடக் கேள்வி மாறவில்லை. எந்த அளவுகோலில் விண்ணப்பங்கள் தேர்வாகின்றன, நிராகரிக்கப்பட்டவர்களுக்குக் காரணம் சொல்லப்படுகிறதா, பணம் போன இடத்தின் கணக்கு யார் பார்வைக்கு வருகிறது என்று கேட்டவர்களின் குரல் கூச்சலில் அமுங்கிப் போனது. துரை யார் என்று சண்டை போட்டோம். பேரேட்டைக் காட்டு என்று கேட்கவில்லை.

பேரேட்டைக் காட்டு என்று கேட்கச் சட்டமும் இடம் தருவதில்லை என்பது வேறு விஷயம். 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டத்தின்படி ஓர் ஆவணம் இரகசியம் என்று அமைச்சரோ அதிகாரியோ சான்றளித்தால் அதுவே முடிந்த முடிவு. நீதிமன்றம்கூட "இதில் என்ன இரகசியம்?" என்று கேட்க முடியாது. 1986-இல் செய்த திருத்தத்தால் குறைந்தது ஓராண்டுச் சிறை கட்டாயமானது. பினாங்கிலும் சிலாங்கூரிலும் மாநில அளவில் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. நம் அடையாள அட்டையும் குடியுரிமையும் போலீஸும் பள்ளியும் கூட்டரசின் கையில். அங்கே கதவு வேறு மாதிரி.

ஆகவே கேட்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, எந்த மறுப்பும் காரணத்தோடும் சட்டப் பிரிவோடும் எழுத்தில் வர வேண்டும், குறித்த நாளுக்குள் வர வேண்டும். குடியுரிமை முடிவுக்கும் இது பொருந்த வேண்டும். நீதிமன்றத்தை வெளியே நிறுத்தும் அந்த அட்டவணை வாசகம் நீங்க வேண்டும். இரண்டு, அமைச்சரோ அவர் அலுவலகமோ ஓர் அதிகாரிக்கு இடும் எந்த உத்தரவும் கோப்பில் பதிவாக வேண்டும். வாய்மொழி உத்தரவைக் குறித்து வைக்கும் அதிகாரிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். விசாரணை நடக்கும்போது விசாரணை அதிகாரியை மாற்றினால் மாற்றியவர் காரணம் எழுத வேண்டும். மூன்று, ஒம்புட்ஸ்மன் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்பவராக இருக்க வேண்டும், தன் அறிக்கையை அனுமதி கேட்காமல் வெளியிட வேண்டும். நான்கு, இரகசிய முத்திரையை நீதிமன்றம் பரிசோதிக்க முடிய வேண்டும். கூட்டரசு அளவில் தகவல் பெறும் உரிமை வேண்டும்.

இவற்றில் ஒன்றிலும் "இந்தியர்" என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பஹாவ் தோட்டத்துப் பேரப்பிள்ளைக்கும் சபா கடற்கரைப் பிள்ளைக்கும் கிளந்தான் எல்லையோரப் பாட்டிக்கும் ஒரே முகப்பிடம்தான். நம் கோரிக்கையை நாம் இனக் கோரிக்கையாகச் சுருக்கிக்கொண்டதால் அரசுக்கு அது சலுகையாகத் தெரிகிறது. சலுகையைக் கூடாரம் போட்டுக் கொடுத்துவிடலாம். தேர்தல் வரும்போது மறுபடியும் கொடுக்கலாம்.

கடைசியாக, எழுதுகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டத்தை எழுதியவர்கள் பேரேட்டையும் எழுதினார்கள். எந்த நிரையில் எத்தனை மரம், ஒரு நாள் பேர் விழாவிட்டால் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்று எழுதினார்கள். அதனால்தான் அந்த வாழ்க்கை இன்னும் நமக்குத் தெரிகிறது. நம் தலைமுறையின் கதைகளில் அரசு அலுவலகம் வந்தால் ஒரு நீளமான வரிசை வருகிறது, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கடுகடுப்பான முகம் வருகிறது, ஒரு பெருமூச்சோடு கதை முடிகிறது. அந்த முகத்துக்கு மேல் யார் இருக்கிறார், எந்தப் பாரத்தின் எந்தக் கட்டம் நிரப்பப்படவில்லை, மறுப்பின் கீழே கையெழுத்துப் போட்டது யார், அவருக்கு அன்று காலையில் யாரிடமிருந்து அழைப்பு வந்தது? இதையெல்லாம் விசாரித்து எழுதுங்கள். அலுவலகங்களுக்குப் போங்கள், உள்ளே வேலை செய்பவர்களிடம் பேசுங்கள், சட்டத்தை வாங்கிப் படியுங்கள். அடுத்த முறை யாராவது "அப்படியே காஃப்கா" என்றால், எந்தப் பிரிவின் கீழ் என்று கேளுங்கள்.